நீட்டிய கையும் தள்ளிவிடும் கையும்: ரெம்ப்ராண்டின் எலிப் பாஷாண வியாபாரி, 1632

ஒரு நீளமான கம்பு, அதன் உச்சியில் கூடை, கூடையைச் சுற்றித் தொங்கும் செத்த எலிகள், கூடைக்கு மேலே உயிரோடு இருக்கும் எலி. இந்தக் கம்பைப் பிடித்தபடி ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார் எலிப் பாஷாணம் விற்கும் ஆள். அவர் தோளிலும் ஓர் எலி, அதுவும் உயிரோடு. தலையில் தொப்பி, மேலே ரோமத்தோல் அங்கி, இடுப்பில் வாள். கூடவே பாஷாணப் பெட்டியைச் சுமக்கும் ஒரு சின்னப் பையன். வீட்டுக்காரப் பெரியவர் கதவின் மேல்பாதியை மட்டும் திறந்திருக்கிறார். மூடிய கீழ்ப்பாதியின் மேல் சாய்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, தன்னை நோக்கி வரும் கையைத் தன் கையால் தள்ளுகிறார்.

படம் இவ்வளவுதான். உயரம் சுமார் 14 சென்டிமீட்டர், அகலம் சுமார் 12.5, கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அளவு. டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1632இல் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்துச் செய்த எட்சிங். பதினேழாம் நூற்றாண்டை ஒட்டிய பரோக் கலைக் காலம் என்றதும் பலருக்கும் தங்க வேலைப்பாடு போட்ட தேவாலயக் கூரைகளும் முறுக்கிக்கொண்டு நிற்கும் சிலைகளும்தான் ஞாபகத்துக்கு வரும், ஆனால் அதே காலத்தில், அதே ஐரோப்பாவில், தெருவில் நடக்கிற சாதாரணக் கொடுக்கல் வாங்கலைப் பார்த்துச் சிரிக்கவைக்கும் சின்னச் சின்ன அச்சுப் படங்களும் நிறைய வந்தன. அவற்றில் என் மனசுக்கு மிகப் பிடித்தது இது. இதில் நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் படத்தை "விசித்திரமான பிச்சைக்காரத் தோற்றம், வேடிக்கையான காட்சி" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம்.

சாட்சியே எதிரி

இந்த வியாபாரியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவரிடம் இருப்பது ஒரு பொடி. அந்தக் காலத்தில் எலிக்கு வைத்த பாஷாணம் பெரும்பாலும் ஆர்சனிக்தான், வெள்ளையாக, வாசனை இல்லாமல், ருசியும் பெரிதாகத் தெரியாமல் இருக்கும், மாவு என்று சொன்னாலும் நம்பலாம். வாசலுக்கு வந்த முன்பின் தெரியாத ஒருவர் காகிதத்தில் மடித்த வெள்ளைப் பொடியை நீட்டி "இது எலியைக் கொல்லும்" என்றால் யார் நம்புவார்கள்? அதனால் அவர் சாட்சி கொண்டுவர வேண்டியிருக்கிறது. இதோ செத்த எலிகள், எல்லாம் என் மருந்தில் செத்தவை, எண்ணிக்கொள்ளுங்கள் என்று கம்பின் உச்சியில் தொங்கவிட்டுத் தெருத் தெருவாகத் தூக்கிக்கொண்டு வருகிறார். தூரத்திலிருந்தே தெரியும், கூவத் தேவையே இல்லை.

ஆனால் அந்தச் சாட்சியைப் பார்த்ததும் வாங்க வேண்டியவருக்குக் குமட்டுகிறது. மருந்து நல்லது என்று காட்ட எலிகள் வேண்டும், எலிகள் இருந்தால் ஆள் கிட்டேயே வரமாட்டார். எலிகள் அதிகமாக அதிகமாக மருந்தின் மதிப்பும் கூடும், அருவருப்பும் கூடும். இந்த முடிச்சுதான் படத்தின் நகைச்சுவை என்று நான் நினைக்கிறேன். யாருடைய முட்டாள்தனத்தையும் பார்த்து நாம் சிரிக்கவில்லை. வியாபாரி செய்வது முழுக்க நியாயமான வியாபார யுக்தி, பெரியவர் காட்டுவதும் முழுக்க நியாயமான அருவருப்பு. இரண்டு நியாயங்கள் ஓர் அரைக்கதவின் மேல் மோதிக்கொள்கின்றன.

அதற்கு மேல் ரெம்ப்ராண்ட் இன்னொரு அடுக்கும் வைக்கிறார்: உயிரோடு இருக்கும் எலிகள். செத்தவை மருந்தின் பெருமையைச் சொல்கின்றன, சரி, உயிரோடு தோளில் ஏறி உட்கார்ந்திருப்பது எதைச் சொல்கிறது? எலிகள் என் பேச்சைக் கேட்கும், அவற்றின் குணம் எனக்குத் தெரியும் என்று வியாபாரி காட்ட நினைத்திருக்கலாம். வீட்டுக்காரருக்கு அது அப்படியா படும்? என் வீட்டுக்குள் புதிதாக ஓர் எலி நுழையப் போகிறது என்றுதான் படும். கதவின் கீழ்ப்பாதி மூடியே இருப்பதைக் கவனிக்கணும். டச்சு வீடுகளில் இந்த இரட்டைப் பகுதிக் கதவு சாதாரணம், வெளிச்சமும் காற்றும் வரும், தெருவில் திரியும் கோழியும் பன்றியும் உள்ளே வராது. இங்கே அந்தக் கீழ்ப்பாதிதான் பெரியவருக்கு அரண்.

பெரியவர் ஏன் மறுக்கிறார் என்பதற்கு அருவருப்பு தவிர வேறு காரணமும் சொல்லலாம். ஆர்சனிக் எலியை மட்டும் கொல்லாது. சமையலறையில் தவறிக் கொட்டினால், குழந்தை கையில் எடுத்தால், நாய் நக்கினால் என்னவாகும் என்ற பயம் எந்த வீட்டிலும் இருந்திருக்கும். ஊர் ஊராகச் சுற்றும் மருந்து வியாபாரிகள் மீது நம்பிக்கையின்மையும் அப்போது நிறையவே இருந்தது, போலி வைத்தியர்கள் டச்சுப் படங்களில் திரும்பத் திரும்ப வருகிறார்கள், ரெம்ப்ராண்டே 1635இல் அப்படி ஒருவரைச் சின்னதாக ஓர் எட்சிங்கில் வரைந்திருக்கிறார். ஆனாலும் பெரியவரின் முகத்தில் நான் பார்ப்பது சந்தேகம் இல்லை. சந்தேகப்படுகிறவர் பொருளை உற்றுப் பார்ப்பார். இவர் பார்க்கவே மறுக்கிறார்.

அதே வருடம், இன்னொரு படம்

1632இல் ரெம்ப்ராண்டுக்கு 26 வயது. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் மாவாலைக்காரர் மகனாகப் பிறந்தவர், அப்பா ஹார்மன் மால்ட் எனும் முளைகட்டிய தானியத்தை அரைக்கும் காற்றாலை வைத்திருந்தார், 1630இல் இறந்துபோனார். தானியம் இருக்கிற இடத்தில் எலி இல்லாமல் இருக்காது, ஆகவே எலிப் பாஷாண வியாபாரி அவருக்குப் புதிய காட்சியாக இருந்திருக்க வாய்ப்பில்லை. அவர் குடிபோன ஆம்ஸ்டர்டாமோ பால்டிக் கடல் பகுதியிலிருந்து கப்பல் கப்பலாக வந்த தானியத்தைக் கிடங்குகளில் அடுக்கி வைத்து ஐரோப்பாவுக்கே விற்ற ஊர். எலி மருந்துக்கு அங்கே கிராக்கி குறைந்திருக்காது.

ஆம்ஸ்டர்டாமில் அவர் ஹெண்ட்ரிக் ஐலன்பர்க் என்ற ஓவிய வியாபாரியோடு சேர்ந்து வேலை செய்தார், பணக்காரர்களின் உருவப்படங்கள் வரிசையாக வந்தன, அதே 1632இல்தான் அறுவை மருத்துவர் சங்கத்துக்காக "டாக்டர் டுல்ப்பின் உடற்கூறு பாடம்" வரைந்தார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை யாருக்கும் சிபாரிசு செய்வேன். ஒன்று ஆள் உயரத்துக்கான பெரிய எண்ணெய் ஓவியம், இன்னொன்று உள்ளங்கை அளவு எட்சிங், விலையிலும் மரியாதையிலும் வானுக்கும் பூமிக்கும் உள்ள தூரம். ஆனால் இரண்டிலும் நடுவில் இருப்பது ஒரு செயல்விளக்கம்: செத்த உடலை வைத்துக்கொண்டு ஒருவர் தன் திறமையை நிரூபிக்கிறார். டுல்ப் படத்தில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் பிளந்த முன்கையைச் சுற்றி, வெள்ளைக் கழுத்துப்பட்டி போட்ட கனவான்களில் சிலர் முன்னால் குனிந்து ஆர்வமாகப் பார்க்கிறார்கள். எலி வியாபாரிக்கு இருப்பது ஒரே ஒரு பார்வையாளர், அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இரண்டிலும் கைகள்தான் கதை சொல்கின்றன என்பதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. டுல்ப் வலது கைக் கருவியால் தசைகளைத் தூக்கிப் பிடித்து, அந்தத் தசை விரலை எப்படி அசைக்கும் என்பதைத் தன் இடது கையாலேயே காட்டுகிறார். எட்சிங்கில் வியாபாரியின் கை நீள்கிறது, பெரியவரின் கை அதைத் தள்ளுகிறது. மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு அந்த இரண்டு கைகளை மட்டும் பார்த்தாலும் என்ன நடக்கிறது என்று புரியும். ஒருவர் கெஞ்சவும் இல்லை, மற்றவர் அடிக்கவும் இல்லை. "வேண்டாம்ப்பா, போ" என்கிற அளவுக்கான பலம்தான் அந்தத் தள்ளலில் இருக்கிறது, அதை ஊசி முனையால் இவ்வளவு துல்லியமாக அளந்து போட முடிந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம் அடங்கவில்லை.

ரோமமும் ரோமமும்

எட்சிங் எப்படிச் செய்வார்கள் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: செப்புத் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சு ஒன்றைப் பூசுவார்கள். அதன் மேல் ஊசியால் வரைவார்கள், வரைந்த இடத்தில் பூச்சு விலகிச் செம்பு தெரியும். அமிலத்தில் வைத்தால் திறந்த இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். பூச்சை எடுத்துவிட்டு, மை தடவி, மேற்பரப்பைத் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை வைத்து உருளை அச்சு இயந்திரத்தில் அழுத்தி எடுத்தால் படம் இடவலம் மாறித் தாளில் விழும்.

இதில் முக்கியமான விஷயம், செதுக்கு உளியைப் போல ஊசியை உலோகத்துக்குள் அழுத்தித் தள்ள வேண்டியதில்லை, காகிதத்தில் பேனா ஓடுவதைப் போலவே ஓடும். அதனால் கோடு சுருளலாம், நடுங்கலாம், கிறுக்கலாம். ரெம்ப்ராண்ட் அந்தச் சுதந்திரத்தை இந்தப் படத்தில் எங்கே செலவழித்தார் என்று பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். வியாபாரியின் அங்கி ரோமத்தோல், எலிகளுக்கும் ரோமம், பையனின் உடையோ கந்தல். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான குட்டை குட்டையான, சிலிர்த்து நிற்கும் கோடுகளால் ஆனவை. எது அங்கி, எது எலி என்று ஒரு கணம் தடுமாற வைக்கும் அளவுக்கு ஆளும் சரக்கும் ஒன்றுக்குள் ஒன்று கலந்திருக்கின்றன. அவர் எலிகளோடு வாழ்ந்து வாழ்ந்து அவற்றின் சாயலே ஏறிப்போன ஆள் என்பதை முகத்தைக் கோணலாக வரையாமல், கோட்டின் தன்மையாலேயே சொல்லிவிடுகிறார். கேலிச்சித்திரம் போடுகிற யாரும் முதலில் நீண்ட மூக்கையும் துருத்திய பல்லையும்தான் போடுவார்கள், இவர் அந்தச் சுலப வழியை எடுக்கவில்லை.

பின்னணியில் இருக்கும் தூரத்துக் காட்சி மெல்லிய கோடுகளில், அழுத்தமே இல்லாமல், வெளிச்சத்தில் கரைவதாக இருக்கிறது. முன்னால் இருக்கிற ஆட்கள் அடர்த்தியான கருப்பில். அதனால் கம்பும் கூடையும் வெளிறிய வானத்துக்கு எதிரில் பளிச்சென்று நிற்கின்றன, தொங்கும் எலிகளைத் தவறவிட வழியே இல்லை. இந்தப் பக்கம் சரக்கு விளம்பரத்துக்கு வெட்டவெளி, அந்தப் பக்கம் வாடிக்கையாளருக்கு இருண்ட வாசல்.

அளவும் இதில் சேர்த்தி. உள்ளங்கை அளவுப் படத்தில் எலியின் வாலையும் காதையும் பார்க்கணும் என்றால் தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோயே ஆகணும். அன்றைக்கு இந்த அச்சை வாங்கியவர்கள் பெரும்பாலும் சுவரில் மாட்டாமல் ஏடுகளில் சேர்த்து வைத்து, கையில் எடுத்துப் பார்த்தவர்கள். பெரியவர் எதிலிருந்து முகத்தைத் திருப்புகிறாரோ அதை நோக்கி நாம் முகத்தைக் கொண்டுபோகிறோம்.

கொள்ளைநோய் வாசிப்பு பற்றி

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் உடனே கொள்ளைநோயைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். எலி, பதினேழாம் நூற்றாண்டு, நெதர்லாந்து என்று மூன்றையும் சேர்த்தால் அப்படித் தோன்றுவது இயல்புதான். 1635, 1636இல் லெய்டனையும் ஆம்ஸ்டர்டாமையும் கொள்ளைநோய் கடுமையாகத் தாக்கியதும் உண்மை. ஆனால் எலிக்கும் அந்த நோய்க்கும் உள்ள உறவு 1632இல் அவர்களுக்குத் தெரியாது. கெட்ட காற்று, கடவுளின் கோபம், தொற்று என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். நோய்க்கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டுபிடித்தது 1894இல். எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி வழியாக அது பரவுகிறது என்பதை பால் லூயி சிமோன் கராச்சியில் காட்டியது 1898இல். அதாவது இந்தப் படம் அச்சாகி 260 வருடங்களுக்கு மேல் கழித்து. ஆகவே பெரியவரின் முகத்தில் மரண பயத்தைத் தேடுவது நம்முடைய அறிவை அவர் மேல் ஏற்றுவது. அவருக்கு எலி என்பது தானியத்தைத் தின்னும், துணியைக் கடிக்கும், நாற்றமடிக்கும் ஒரு தொல்லை. அந்தச் சின்ன, அன்றாடத் தொல்லையின் அளவில் வைத்துப் பார்த்தால்தான் படத்தின் சிரிப்பு சரியாகக் கேட்கும்.

வாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்போது ஜெர்மன் பகுதிகளில் முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது, டச்சுக்காரர்களுக்கும் ஸ்பெயினுக்கும் சண்டை 1648 வரை முடியவில்லை, போரிலிருந்து திரும்பிய ஆட்கள் சாலைகளில் அலைந்த காலம். வியாபாரியைப் பழைய சிப்பாய் என்று படிக்கலாம், ஊர் ஊராகத் தனியே நடப்பவர் தற்காப்புக்கு வைத்திருக்கிறார் என்றும் படிக்கலாம், கவனத்தை ஈர்க்கும் வேஷம் என்றும் படிக்கலாம். படத்துக்குள் இதற்கு விடை இல்லை. எனக்கு மூன்றாவதுதான் பொருத்தமாகப் படுகிறது, தோளில் எலியை உட்கார வைத்துக்கொண்டு வருகிறவர் தோற்றத்தில் அக்கறை உள்ளவராகத்தான் இருக்கணும்.

முன்னால் யார், பின்னால் யார்

தெருவோர ஆட்களை எட்சிங்கில் போடுவதை ரெம்ப்ராண்ட் கண்டுபிடிக்கவில்லை. பிரான்ஸின் லொரேன் பகுதியைச் சேர்ந்த ழாக் காலோ 1620களின் தொடக்கத்தில் பிச்சைக்காரர்களைப் பற்றி 25 எட்சிங்குகள் கொண்ட வரிசை ஒன்றைச் செய்திருந்தார், அது ஐரோப்பா முழுக்கப் பரவியது. லெய்டனில் இருந்தபோது ரெம்ப்ராண்ட் செய்த பிச்சைக்காரப் படங்களில் அதன் பாதிப்பு நன்றாகவே தெரியும். 1630இல் மண்மேட்டில் உட்கார்ந்து கை நீட்டும் பிச்சைக்காரருக்குத் தன் முகத்தையே கொடுத்தார். ஆனால் காலோவின் ஆட்கள் பெரும்பாலும் வெற்றுத் தாளில் தனியே நிற்பவர்கள், பார்க்க ஒரு மாதிரிப் பட்டியல். எலி வியாபாரியில் ரெம்ப்ராண்ட் செய்த புதுமை அந்தத் தனி ஆளுக்கு எதிரில் ஒரு கதவையும், அந்தக் கதவில் இன்னொரு மனிதரையும் வைத்தது. வாங்குபவர் வந்ததும் தோற்றம் சம்பவமாகிவிட்டது.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பார்க்க கார்னெலிஸ் விஷ்ஷர் 1655இல் செய்த எலி வியாபாரி செதுக்கோவியத்தைப் பார்க்கலாம். அளவில் பெரியது, கைத்திறன் அபாரம், ஆனால் வாசலும் இல்லை, மறுக்கிற கையும் இல்லை, வியாபாரியும் பையனும்தான். மதிப்போடு பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம், சிரிப்பு வராது. ஹார்லெமின் அட்ரியான் வான் ஒஸ்டாடு மூக்குக் கண்ணாடி விற்பவரை ஒரு வீட்டு வாசலில் நிறுத்திச் செய்த எட்சிங் இந்தப் படத்துக்கு இன்னும் நெருக்கமான உறவு. ஒஸ்டாடின் வாசல்களில் இளகிய, நட்பான சிரிப்பு இருக்கும், அதுவும் எனக்குப் பிடிக்கும், ஆனால் ரெம்ப்ராண்டிடம் இருக்கிற அந்த மோதல் அங்கே இல்லை.

எல்லாவற்றையும்விட நல்ல ஒப்பீடு ரெம்ப்ராண்டே 16 வருடம் கழித்துச் செய்தது. 1648இல் வந்த "வீட்டு வாசலில் பிச்சை வாங்குபவர்கள்" எட்சிங்கில் மறுபடியும் அரைக்கதவு, அதன் மேல் சாய்ந்த பெரியவர், வெளியே அலைந்து திரியும் ஏழைக் குடும்பம்: முதுகில் குழந்தையோடு ஒரு பெண், ஒரு பையன், இசைக்கருவியோடு ஒரு வயசாளி. கதவுக்கு மேலே மறுபடியும் இரண்டு கைகள். இந்தத் தடவை பெரியவரின் கை நாணயத்தை அந்தப் பெண்ணின் கையில் வைக்கிறது. கோடுகளும் மாறியிருக்கின்றன, சிலிர்த்த ரோமக் கோடுகள் போய், நேரான, இணையான, அமைதியான கோடுகள். இடைப்பட்ட வருடங்களில் அவர் தன் குழந்தைகள் மூவரைச் சிசுவிலேயே இழந்தார், 1642இல் மனைவி சாஸ்கியாவையும் இழந்தார். அதனால்தான் மாறினார் என்று நான் சொல்லமாட்டேன், ஒரு படத்துக்கும் ஒரு சாவுக்கும் நேர்க்கோடு போடுவது எனக்குச் சரியாகப் படுவதில்லை. ஆனால் இந்த இரண்டு அச்சுகளையும் தனித்தனியாகப் பார்ப்பதைவிட ஜோடியாகப் பார்ப்பது நல்லது. இரண்டிலும் அடிப்படைக் கேள்வி ஒன்றே: வாசலுக்கு வந்தவருக்கு உள்ளே இருப்பவர் என்ன செய்வார்?

பார்க்க விரும்புகிறவர்களுக்கு

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் இரண்டிலும் அச்சுகள் உண்டு. ரைக்ஸ்மியூசியத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகவே பெரிதாக்கிப் பார்க்கலாம். தேடும்போது பார்ட்ச் எண் உதவும். ஆடம் பார்ட்ச் 1797இல் வெளியிட்ட ரெம்ப்ராண்ட் எட்சிங்குகளின் பட்டியலில் எலி வியாபாரி 121, 1648 வாசல் படம் 176. நூல்களில் இன்றும் இந்த எண்களைச் சேர்த்தே போடுகிறார்கள்.

நகல்கள் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். இந்தப் படம் அந்தக் காலத்திலேயே மிகவும் பிரபலமாகி, பலர் நகலெடுத்தார்கள். அச்சைப் பார்த்து அப்படியே இன்னொரு தகட்டில் வரைந்தால் அதன் அச்சு இடவலம் மாறி வரும், ஆகவே மூலத்துக்கு எதிர்ப்பக்கமாக இருக்கும் படம் பெரும்பாலும் நகல்தான். நேராக இருந்தால் மூலம் என்று உடனே முடிவு கட்டிவிடவும் முடியாது, கண்ணாடியில் பார்த்துத் திருப்பி வரைந்த நகல்களும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் நான் முதலில் பார்ப்பது பெரியவரின் கையைத்தான். எலிகளையும் தொப்பியையும் சிரத்தை எடுத்தால் நகலெடுத்துவிடலாம். அந்தக் கையில் வெறுப்பும் மென்மையும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது கோடு ஒரு மயிரிழை தடித்தாலே மாறிவிடும், ஒன்று அறைகிற கையாகிவிடும், இல்லையென்றால் வாங்கிக்கொள்கிற கையாகிவிடும்.